ஒன்பதாம் தெருப் பள்ளிக்கூடம் 'எல் போஹியோ' ஆன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கில் பழைய பள்ளிக்கூடங்கள் கலைக்கூடங்களாக மாறிய கதைகள் பல உண்டு. அவற்றில் எனக்கு மிக நெருக்கமானது பி.எஸ். 64. பள்ளிக்கூடமாக எழுபது ஆண்டு, அக்கம்பக்கத்து மக்களின் கலை மையமாக இருபத்திரண்டு ஆண்டு, அதன் பிறகு இருபது ஆண்டுக்கும் மேலாக வெறும் பூட்டு. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது?

மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில், கிழக்கு 9-ஆம் தெரு 605-ஆம் எண். அவென்யூ பி-க்கும் அவென்யூ சி-க்கும் நடுவில் இருக்கிறது. முன்பக்கம் 9-ஆம் தெரு, பின்பக்கம் 10-ஆம் தெரு. இரண்டு பக்கமுமே முகப்புதான். டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவிலிருந்து கிழக்கே நடந்தால் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும்.

பி.எஸ். என்பது பப்ளிக் ஸ்கூல் என்பதன் சுருக்கம். அங்கே அரசுப் பள்ளிகளுக்கு எண்தான் பெயர்.

யார் கட்டியது? மேலிருந்து பார்த்தால் ஏன் ஆங்கில 'எச்' எழுத்துப் போல இருக்கிறது?

1904 முதல் 1906 வரை கட்டினார்கள். வடிவமைத்தவர் சி. பி. ஜே. ஸ்னைடர். 1891-இல் நியூயார்க் பள்ளிக் கட்டடங்களின் கண்காணிப்பாளர் பொறுப்புக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். இன்றும் அந்த நகரத்துப் பிள்ளைகள் பலர் அவர் போட்ட கூரையின் கீழ்தான் படிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கீழ்க் கிழக்குப் பகுதி உலகிலேயே மிக நெரிசலான இடங்களில் ஒன்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், இத்தாலியர்கள் எனக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய குடும்பங்கள் இருட்டறைகளில் ஐந்து பேர், ஆறு பேர் என்று ஒண்டிக் குடியிருந்தார்கள். பல வீடுகளில் நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலாவது வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஸ்னைடரின் கவலை.

பெரிய சாலையின் மூலை மனைகள் விலை அதிகம், இரைச்சலும் அதிகம். தெருவின் நடுவில் மனை மலிவு. ஆனால் நடு மனையில் இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர் இடிக்கும், வெளிச்சம் வராது. இதற்கு ஸ்னைடர் கண்ட வழிதான் 'எச்' வடிவம். இரண்டு நீளச் சிறகுகள், அவற்றை இணைக்கும் நடுக்கட்டு, ஒவ்வொரு தெருவையும் பார்த்தபடி ஒரு திறந்த முற்றம். அடுத்த மனையில் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் வகுப்பறைகள் முற்றத்திலிருந்து வெளிச்சம் எடுத்துக்கொள்ளும். எஃகுச் சட்டம் பாரத்தைத் தாங்கியதால் சுவர் முழுக்க ஜன்னல் வைக்க முடிந்தது. பாரிஸ் நகரத்தின் க்ளூனி மாளிகை முற்றத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். பிரபுக்களின் மாளிகைக்கு இருந்த முற்றம் தையல் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. எனக்கு ஸ்னைடர் மேல் மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பள்ளியாக இருந்தபோதே அது பொதுமக்கள் கூடும் இடமாகவும் இருந்ததா?

ஆமாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. தரைத்தளத்திலேயே ஒரு அரங்கம் வைத்து, தெருவிலிருந்து நேராக உள்ளே வர வழியும் விட்டிருந்தார்கள். வகுப்பறைகளைத் திறக்காமலேயே மாலையில் அரங்கத்தை மட்டும் திறக்கலாம். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும் பெரியவர்களுக்காக நகரக் கல்வி வாரியம் அப்போது இலவசச் சொற்பொழிவுகள் நடத்திவந்தது.

ஆக, எழுபது ஆண்டுக்குப் பின் அங்கே நாடகமும் திரைப்படமும் நடந்தது கட்டடத்துக்குப் புதுப் பழக்கம் இல்லை.

பிறகு ஏன் மூடினார்கள்?

1975-இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தது. பள்ளி, தீயணைப்பு நிலையம், மருத்துவமனை என்று எல்லாவற்றிலும் வெட்டு. அதே காலத்தில் கீழ்க் கிழக்குப் பகுதியில் வீட்டுக்காரர்கள் கட்டடங்களைக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வரி கட்டுவதில்லை, கொதிகலன் பழுதானால் சரிசெய்வதில்லை. காப்பீட்டுப் பணத்துக்காகத் தீ வைத்ததும் நடந்தது. குடும்பங்கள் வெளியேற, பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். 1977-இல் பி.எஸ். 64 மூடப்பட்டது.

காவல் இல்லாத கட்டடம் என்ன ஆகும்? குழாய், கம்பி என்று விலைபோகும் உலோகத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஜன்னல்கள் உடைந்தன. இரண்டே வருடத்தில் அது கூடு மட்டும் ஆகிவிட்டது.

சாராஸ் என்பது யார்?

1979-இல் அந்தக் கூட்டுக்குள் நுழைந்து சுத்தம் செய்தவர்கள். சாராஸ் (CHARAS) என்ற பெயர் ஆறு நண்பர்களின் பெயர்களுடைய ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது: சீனோ, உம்பெர்ட்டோ, ஆஞ்செலோ, ராய், ஆந்தனி, சால். பெரும்பாலும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்கள். அவர்களில் சீனோ கார்சியா போன்றவர்கள் சிறுவயதில் தெருக் கும்பல்களில் இருந்து, பிறகு அதை விட்டு, 1960-களில் ரியல் கிரேட் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள்.

அவர்கள் கதையில் எதிர்பாராத ஒருவர் வருகிறார்: பக்மின்ஸ்டர் ஃபுல்லர். முக்கோணங்களை இணைத்துத் தூணே இல்லாத குவிமாடம் கட்டும் முறையைப் பரப்பிய அதே ஃபுல்லர்தான். கீழ்க் கிழக்குப் பகுதி இளைஞர்கள் அவர் பேச்சைக் கேட்டு, அவருடைய உதவியாளர் மைக்கேல் பென்-எலியிடம் கணக்குக் கற்று, 1970-களின் தொடக்கத்தில் காலி மனையில் தாங்களே குவிமாடம் எழுப்பினார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் கோளத்தின் வடிவியலை அட்டையில் வெட்டி ஒட்டிப் படித்தார்கள். பாழடைந்த ஐந்து மாடிக் கட்டடத்தைப் பார்த்து இவர்கள் பயப்படாததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல் போஹியோ என்றால் என்ன?

போஹியோ என்பது கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்களின் சொல். ஓலை வேய்ந்த குடிசை என்று பொருள். பிரெஞ்சு மறுமலர்ச்சிப் பாணியில் செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமாக நிற்கும் ஐந்து மாடிக்குக் குடிசை என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீடு என்பதைச் சொல்ல அவர்களுக்கு அதைவிட நல்ல சொல் கிடைத்திருக்காது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: லோயிசைடா. லோயர் ஈஸ்ட் சைட் என்பதை ஸ்பானிய நாக்கில் சொன்னால் வருவது. கவிஞரும் நாடகக்காரருமான பிம்போ ரிவாஸ் 1974-இல் ஒரு கவிதையில் அந்தச் சொல்லைப் போட்டார். சொல் ஊருக்கே பெயராகிவிட்டது. அவென்யூ சி-யின் பெயர்ப்பலகையில் இன்றும் லோயிசைடா அவென்யூ என்று சேர்த்து எழுதியிருக்கிறது.

உள்ளே என்னதான் நடந்தது?

முதலில் கூலியில்லாத உழைப்பு. குப்பையை அள்ளினார்கள், கூரை ஒழுகலை அடைத்தார்கள், மின்கம்பி இழுத்தார்கள். ஒரு அறை தயாரானதும் அதைக் கலைஞர் ஒருவருக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் அடுத்த அறையைச் சரிசெய்தார்கள்.

பிறகு அந்த இடம் நிரம்பியது. நாடக ஒத்திகை, நடனப் பயிற்சி, ஓவியக் கூடம், திரைப்படக் காட்சிகள், கவிதை வாசிப்பு. குடியை விட்டவர்களின் கூட்டம் ஒரு அறையில், ஆங்கில வகுப்பு இன்னொரு அறையில். பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பட்டறையும் இருந்தது. அந்தப் பகுதிச் சமூகத் தோட்டங்களைக் காப்பாற்றப் போராடியவர்கள் கூட்டம் போட்டதும் இங்கேதான்.

சமூகக் கலை மையம் என்று சொன்னதும் சிலர் தரம் குறைந்த கலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. மன்ஹாட்டனில் ஒத்திகைக்கு ஒரு பெரிய அறை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே நாடகம் போட முயன்ற யாரைக் கேட்டாலும் தெரியும். உயரமான கூரை, பெரிய ஜன்னல், மாடிப்படி, அரங்கம் எல்லாம் ஸ்னைடர் பிள்ளைகளுக்காகக் கொடுத்தவை. கலைஞர்களுக்கும் தேவைப்பட்டவை அவையேதான்.

அவ்வளவு உழைத்தவர்களுக்குக் கட்டடம் சொந்தமாக இருந்ததா?

இல்லை. இந்தக் கதையில் வலிக்கும் இடம் இதுதான். கட்டடம் நகராட்சியின் சொத்தாகவே இருந்தது. சாராஸ் கையில் இருந்தது மாதாமாதம் புதுப்பிக்கும் வாடகை ஏற்பாடு மட்டும். ஒரு மாத அறிவிப்பில் காலி செய்யச் சொல்லலாம்.

1979-இல் அது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது. அந்தத் தெருவில் கட்டடத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத காலம் அது. பத்துப் பதினைந்து வருடத்தில் தெரு மாறியது. மாற்றியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு. மண்ணின் விலை ஏறியதும் ஒரு மாத வாடகைச் சீட்டுக்கு மதிப்பில்லாமல் போனது.

ஏலத்தின் நடுவே சுவர்க்கோழிப் பூச்சிகளைத் திறந்துவிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1998 ஜூலையில், மேயர் ருடால்ஃப் ஜூலியானி நிர்வாகம் நகராட்சிச் சொத்துகளை ஏலம் விட்டது. இடம், காவல்துறைத் தலைமையகத்தின் கூட்ட அரங்கு. பட்டியலில் பி.எஸ். 64-ம் இருந்தது. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, எதிர்ப்பாளர்கள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த சுவர்க்கோழிகளைத் திறந்துவிட்டார்கள். பத்தாயிரம் என்று அன்றைய செய்திகள் சொல்லின. கோட்டு சூட்டில் வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். ஏலம் கொஞ்ச நேரம் நின்றது.

அப்புறம் தொடர்ந்தது. கட்டட வணிகர் ஒருவர் 31.5 லட்சம் டாலருக்கு எடுத்தார்.

வாங்கியவர் இஷ்டப்படி எதையும் கட்டலாமா?

கட்ட முடியாது. கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது: சமூகப் பயன்பாட்டுக்கு மட்டும். சொகுசு அடுக்குமாடி கட்டி விற்க முடியாது. ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தில் சமூகப் பயன்பாடு என்ற சொல்லுக்குள் கல்லூரி விடுதி, மருத்துவமனை போன்றவையும் அடங்கும். அதன் பிறகு வந்த சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான்.

சாராஸ் எப்போது வெளியேறியது?

வழக்குகள் மூன்று வருடம் ஓடின. நடுவில், 1999 ஏப்ரலில், சாராஸின் தூண்களில் ஒருவரான அர்மாண்டோ பெரெஸ் கொலை செய்யப்பட்டார். ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த கட்சிப் பிரதிநிதியாகவும் இருந்தவர் அவர். அந்த இழப்போடுதான் மற்றவர்கள் போராடினார்கள். 2001 டிசம்பர் கடைசியில் அவர்களை வெளியேற்றினார்கள். ஜூலியானியின் பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

அன்று பூட்டிய கதவு அதன் பிறகு பொதுமக்களுக்காகத் திறக்கவே இல்லை.

மாணவர் விடுதித் திட்டம் என்ன ஆனது?

பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்து 19 மாடி விடுதி கட்டும் திட்டம் 2004-இல் வந்தது. சமூகப் பயன்பாட்டுக் கட்டடங்களுக்குக் கூடுதல் உயரம் அனுமதிக்கும் விதி இருந்ததால் அவ்வளவு உயரம். நகராட்சி கேட்டது: எந்தக் கல்லூரியின் விடுதி? எந்தக் கல்லூரியோடும் ஒப்பந்தம் இல்லை. கல்லூரியே இல்லாத விடுதிக்கு உரிமம் தர முடியாது என்று மறுத்துவிட்டது. வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2008-இல் நகராட்சியின் மறுப்பு சரி என்று தீர்ப்பானது. அதன் பிறகும் விடுதி யோசனைகள் வந்தன, போயின.

பாரம்பரியக் கட்டடமாக அறிவித்த பிறகு முகப்பை உடைத்தார்கள் என்கிறார்களே?

2006 ஜூனில் நகரப் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. இனி இடிக்க முடியாது என்று ஊர் மூச்சுவிட்டது. ஆனால் அறிவிப்புக்கு முன்பே வெளிப்புற வேலைக்கு வாங்கிய உரிமம் ஒன்று உரிமையாளரிடம் இருந்தது. அது செல்லுபடியாகும். அதை வைத்து, கூரைச் சரிவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஜன்னல் மாடங்களின் அலங்காரங்களைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள்.

அவை சுட்ட மண்ணால் ஆனவை. களிமண்ணை அச்சில் அழுத்தி, மெருகு பூசி, சூளையில் சுட்டு எடுப்பது. கல்லில் செதுக்கினால் ஆகும் செலவில் ஒரு பங்குதான் என்பதால் ஏழைகள் வட்டாரப் பள்ளிக்கும் பூவேலையும் வளைவும் வைக்க முடிந்தது. அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. பின்னால் இருக்கும் செங்கல்லுக்கு அதுதான் தோல். அதை உரித்தால் மழைநீர் நேராகச் சுவருக்குள் இறங்கும், குளிரில் அந்த நீர் உறைந்து விரியும், செங்கல் பொரிந்து உதிரும். முகப்பின் உச்சியில் இன்றும் அந்தக் காயங்கள் தெரியும். சட்டப்படி நடந்ததுதான். சட்டப்படி நடந்தது என்பதாலேயே எனக்கு இன்னும் அதிகமாக வருத்தம்.

இப்போது யார் கையில் இருக்கிறது?

2017-இல் மேயர் பில் டி ப்ளாசியோ, அதை விற்றது தவறு என்றும் திரும்ப வாங்க விரும்புவதாகவும் ஊர்க் கூட்டத்தில் சொன்னார். வாங்கவில்லை. உரிமையாளர் அடமானக் கடனில் சிக்கி, 2024 ஜனவரியில் கட்டடம் மறுபடி ஏலத்துக்கு வந்தது. சுமார் 5.7 கோடி டாலருக்குப் போனது. 1998-இல் நகராட்சி விற்ற விலையைப் போலப் பதினெட்டு மடங்கு. எடுத்த நிறுவனத்தின் பெயரில் 'கம்யூனிட்டி' என்ற சொல் இருந்ததால் பழைய ஆட்களுக்கு மறுபடி நம்பிக்கை துளிர்த்தது. சமூகப் பயன்பாட்டு நிபந்தனை ஒட்டிக்கொண்ட கட்டடம் அது என்பதை மறக்க வேண்டாம்.

மற்ற பள்ளிக்கூடங்கள் எப்படித் தப்பின?

அதே 9-ஆம் தெருவில், முதலாம் அவென்யூ மூலையில், பி.எஸ். 122 இருக்கிறது. 1970-களில் கைவிடப்பட்டு, 1980 முதல் நிகழ்த்துகலை அரங்கமாக இயங்குகிறது. நகராட்சி செலவில் பெரிதாகப் புதுப்பித்து 2018-இல் மீண்டும் திறந்தார்கள். தெற்கே சஃபோக் தெருவில் பழைய பி.எஸ். 160, 1993 முதல் க்ளெமென்டே பண்பாட்டு மையம். அதுவும் ஸ்னைடர் கட்டியது, அதுவும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் தொடங்கியது. பெயரே போர்ட்டோ ரிக்கோக் கவிஞர் க்ளெமென்டே சோட்டோ வெலெஸின் பெயர்தான். ஆற்றைத் தாண்டி க்வீன்ஸில் பி.எஸ். 1, 1963-இல் மூடியது. 1976-இல் அலானா ஹைஸ் அதைக் கலைக்கூடமாகத் திறந்தார். இன்று அது நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிளை.

இந்த மூன்றும் இன்றுவரை நகராட்சியின் சொத்து. யாரும் ஏலத்தில் விடவில்லை. சாராஸில் திறமை குறைவா, கூட்டம் குறைவா என்றால் இல்லை. அந்த மூன்று கட்டடங்களையும் நகராட்சி விற்காமல் வைத்திருந்தது, உள்ளே இருப்பவர்களுக்கு நிலைத்து இருக்க ஓர் ஏற்பாடு கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவுதான். எங்கேயாவது பழைய பள்ளியைக் கலைக்கூடமாக்க யோசிப்பவர்கள் என்னைக் கேட்டால், வெள்ளையடிப்பதற்கு முன்னால் நீண்ட காலக் குத்தகையை எழுதி வாங்குங்கள் என்பேன்.

போய்ப் பார்க்கலாமா?

உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து பார்ப்பதற்கே ஒரு நல்ல நடை இருக்கிறது. பி.எஸ். 122-இல் தொடங்கி 9-ஆம் தெருவில் கிழக்கே நடங்கள். டாம்ப்கின்ஸ் பூங்காவைக் குறுக்கே கடந்து அவென்யூ பி-க்கு வந்தால் மூலையில் 16 மாடி கிறிஸ்டோடோரா ஹவுஸ். ஏழைக் குடும்பங்களுக்கான சேவை மையமாக 1928-இல் எழும்பியது, இன்று விலையுயர்ந்த குடியிருப்பு. அதற்கு அடுத்ததே பி.எஸ். 64. 9-ஆம் தெரு முற்றத்தைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு 10-ஆம் தெருப் பக்கமும் போய்ப் பாருங்கள். 'எச்' வடிவம் அப்போதுதான் பிடிபடும்.

பிறகு அவென்யூ சி மூலைக்கு வாருங்கள். அங்கே லா பிளாசா கல்ச்சுரல் என்ற தோட்டம். 1976-இல் சாராஸ்காரர்களும் அக்கம்பக்கத்தினரும் இடிபாடுகளை அள்ளி உருவாக்கியது. இப்போது அதன் பெயரோடு அர்மாண்டோ பெரெஸ் பெயரும் சேர்ந்திருக்கிறது. உள்ளே பெரிய வில்லோ மரங்கள் நிற்கின்றன. வேலி நெடுக, தூக்கிப்போட்ட டப்பாக்களை வெட்டிச் செய்த வண்ணப் பூக்களைக் கட்டியிருக்கிறார்கள். பனிக்காலத்தில் மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போதும் அவை அங்கேயே இருக்கும்.